ஏரிக்கரைக்கு ஒருநாள் வெள்ளன வாருங்கோ

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேசியபடியே சில இடங்கள் விடப்பட்டுள்ளன.)



செயலாளர் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணை, உங்களுக்குப் பதினைஞ்சு நிமிசம். பழைய நினைவுகள் வேண்டாம், அரசியல் வேண்டாம். வேறை எதையும் கதையுங்கோ" என்றார். இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் எங்கட கூட்டத்தில் கதைக்க என்ன மிச்சம் என்று இரண்டு நாள் யோசித்தேன். குருவி மிச்சம் இருந்தது. ஆகவே ரொறொன்ரோ ஏரிக்கரையில் எங்கே, எப்போது, என்ன பறவை பார்க்கலாம் என்பதுதான் இன்று என் பேச்சு. இந்த மலர் கல்லூரி நூலகத்துக்கும் போகும் என்றார்கள். அங்கே இதை வாசிக்கிற மாணவர்களுக்கும் கடைசியில் ஒரு சொல் வைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நான் உயர்தரத்தில் விலங்கியல் படித்தவன். தவளையை வெட்டி நரம்பைக் காட்டிப் புள்ளி வாங்கினவன். ஆனால் ஆய்வுகூடத்து யன்னலுக்கு வெளியே வேலியில் நின்று கத்தின குருவியின் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. ஜி. எம். ஹென்றியின் இலங்கைப் பறவைகள் நூல் 1955இலேயே வந்துவிட்டது. எங்கள் நூலகத்தில் அது இருந்ததா என்றுகூட நான் தேடிப் பார்க்கவில்லை. எனக்குப் பறவை காட்டினது கல்லூரி அல்ல, ஒரு தும்புத்தடி.

1994இல் நகர மத்தியில் ஒரு கண்ணாடிக் கோபுரத்தில் இரவு வேலை. விடிய வெளிவாசலைக் கூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். மே மாதம் பிறந்ததும் சிகரெட் துண்டுகளோடு சின்னச் சின்னக் குருவிகளும் குப்பைக்குள் வரத் தொடங்கின. ஒரு நாள் மூன்று, ஒரு நாள் பதினொன்று. மஞ்சள், செம்மஞ்சள், நீலம். இப்படி நிறத்தில் இந்த நாட்டில் குருவி இருக்கென்று எனக்கு அதுவரை தெரியாது. குளிரில் செத்தது என்று நினைத்தேன். வாரிப் போட்டேன்.

ஒரு விடியற்காலை ஒரு வயதான அம்மா வந்து, "கூட்ட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்" என்று கையைப் பிடித்தார். கையில் கடதாசிப் பைகள். அதற்கு முதல் வருடம், 1993இல், கட்டடங்களில் மோதும் பறவைகளைக் காப்பாற்ற இங்கே ஃப்ளாப் என்று ஒரு அமைப்புத் தொடங்கியிருந்தது. அதன் தொண்டர் அவர். செத்தவற்றை எண்ணி எழுதினார். உயிரோடு மயங்கிக் கிடந்தவற்றைப் பைக்குள் இருட்டாக வைத்து வாயை மடித்தார். இரவில் பறந்து வரும் பறவைகளை நகரத்து வெளிச்சம் மயக்கி உள்ளே இழுக்கிறது, விடிந்ததும் கண்ணாடியில் தெரியும் மரத்தையும் வானத்தையும் நிசமென்று நம்பிப் போய் மோதுகின்றன என்று அவர்தான் விளங்கப்படுத்தினார்.

வேலை முடிந்ததும் அவருடைய காரில் ஏரிக்கரைப் பூங்கா ஒன்றுக்குப் போனோம். மடியில் ஐந்து பைகள். ஒரு பைக்குள் பறவை எழும்பிக் கடதாசியைக் கீறுகிற சத்தம் கேட்டது. அங்கே பற்றையடியில் ஒரு பையைத் திறக்கச் சொன்னார். வைட்-த்ரோட்டட் ஸ்பாரோ, கழுத்தில் வெள்ளை மடிப்பு வைத்த ஒரு சிட்டு. பையின் விளிம்பில் ஒரு கணம் இருந்தது, பிறகு போய்விட்டது. அன்றுதான் நான் ஒன்ராறியோ ஏரியைச் சரியாகப் பார்த்தேன். அதுவரை அது நெடுஞ்சாலையில் போகும்போது இடப்பக்கமோ வலப்பக்கமோ தெரிகிற ஒரு தண்ணீர்.

இந்த ஏரி ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீற்றர். அமெரிக்கக் கரையிலிருந்து எங்கள் கரைக்குக் குறுக்கே ஐம்பது கிலோமீற்றர் அளவில் வரும். தெற்கிலிருந்து வரும் சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில் பறக்கின்றன. நடு ஏரியில் விடிந்தால், அல்லது மழை பிடித்தால், இறங்க இடமில்லை. கண்டவுடன் இறங்குகிற முதல் தரை எங்கள் கரைதான். ஆகவே மே மாதத்தில் ஓரிரவு தென்காற்று இளஞ்சூடாக வீசி, விடியப்புறம் மழை தூறினால், காலையில் கரையோரப் பற்றையெல்லாம் களைத்த குருவியாக இருக்கும். இலையுதிர் காலத்தில் இதே கதை மறுபக்கமாக நடக்கும். தெற்கே போகிறவை தண்ணீரைக் கண்டு தயங்கிக் கரையில் தங்கி, தின்று கொழுத்துப் போகும். இவற்றில் பிளாக்போல் வாப்ளர் என்று ஒன்று. பாரம் ஏறத்தாழ 12 கிராம், ஒரு மேசைக்கரண்டி சீனி. அது வட அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து அட்லாண்டிக் கடலுக்கு மேலாக இரண்டு மூன்று நாள் இடையில் இறங்காமல் பறக்கிறது என்பதை, முதுகில் சின்னக் கருவி கட்டி அனுப்பி, 2015இல் உறுதிப்படுத்தினார்கள். நாங்கள் கொழும்பில் நின்று, வேறொரு நாட்டில் நின்று, இன்னொரு நாட்டில் மாதக்கணக்காகக் கிடந்து வந்தோம்.

சரி, எங்கே போவது? எங்கட சனம் கூடுதலாக இருக்கும் ஸ்காபரோவிலிருந்தே தொடங்குகிறேன்.

லோரன்ஸ் வீதியைக் கிழக்கே முடியுமட்டும் பிடித்துப் போனால் றூஜ் ஆறு ஏரியில் விழும் இடம் வரும். இது தேசிய நகரப் பூங்காவின் பகுதி. எங்களில் பலர் கோடையில் அங்கே போகிறோம், இறைச்சி சுடுகிறோம், திரும்பி வருகிறோம். கடற்கரை மாதிரியான மணலுக்குப் பின்பக்கம் புல் வளர்ந்த சதுப்பு ஒன்று இருக்கிறது. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏப்ரலில் அங்கே தோளில் சிவப்பு வைத்த கருங்குருவிகள் புல்லுக்குப் புல் உரிமை கோரிச் சண்டை பிடிக்கும். பெரிய நீல நாரை தவம் செய்யும். விராலடிப்பான் ஆற்றுக்கு மேலே வட்டமடித்துக் காலை முன்னுக்கு நீட்டி விழும். இதே விராலடிப்பான் இனம்தான் மாரியில் எங்கள் ஊர்க் கடல்நீரேரிகளிலும் மீன் பிடிப்பது. சதுப்பில் நின்றுகொண்டு ஒரு மணித்தியாலம் சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் எங்களுக்குக் கஷ்டம், எனக்குத் தெரியும்.

அடுத்தது ஸ்காபரோ பிளஃப்ஸ். 1793இல் ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ இந்த மேட்டைக் கண்டு இங்கிலாந்தின் ஸ்காபரோவை நினைத்துப் பெயர் வைத்தார். கலியாணப் படம் எடுக்க எல்லோரும் போகிற இடம். படம் எடுக்கும்போது மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் மண்சுவரில் சின்னச் சின்னத் துளைகள் தெரியும், அடுத்தமுறை ஆல்பத்தை எடுத்துப் பாருங்கோ. அவை பாங் ஸ்வாலோ என்ற தகைவிலான்களின் வளைகள். புதிதாக இடிந்த செங்குத்துச் சுவரில்தான் அது வளை தோண்டும். அலை வந்து மண்ணை அரித்தால்தான் சுவர் புதிதாகும். கரை அரிப்பதை நிறுத்தக் கல் அடுக்கினால் வீடு தப்பும், சுவர் சரிந்து புல் முளைக்கும், குருவிக்கு வீடு போகும். கனடாவில் இது ஆபத்துக்குள்ளான இனங்களின் பட்டியலில் இருக்கிறது. மேட்டின் விளிம்பில் வீடு வைத்திருப்பவரிடம் அரிப்பு நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அரிப்பு நின்றால் என்ன போகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது நான் கூட நேரம் எடுக்கப் போகிற இடம். லெஸ்லி வீதி தெற்கே ஏரியில் முடியும். முடிகிற இடத்திலிருந்து ஐந்து கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு நிலம் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு போகிறது. லெஸ்லி ஸ்பிற் என்பார்கள். 1985இலிருந்து அதன் பூங்காப் பெயர் ரொமி தொம்சன் பார்க். ரொமி தொம்சன் இந்த நகரத்தின் பூங்கா ஆணையாளராக இருந்தவர். புல்லில் நடக்காதே என்று எல்லாப் பூங்காக்களிலும் பலகை இருந்த காலத்தில், தயவுசெய்து புல்லில் நடவுங்கள் என்று பலகை வைத்த மனிதர். எங்கட அதிபர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த நிலத்தை ஆண்டவன் படைக்கவில்லை. 1959இல் துறைமுக அதிகாரிகள் கொட்டத் தொடங்கினார்கள். அதே வருடம் சென் லோரன்ஸ் கடல்வழி திறக்கப்பட்டது, கப்பல்கள் வந்து குவியும், வெளித்துறைமுகம் ஒன்று வேண்டும், அதற்கு அலைதடுப்பு வேண்டும் என்பது கணக்கு. கப்பல்கள் வரவில்லை. கொட்டுவது மட்டும் நிற்கவில்லை. நகரத்தில் இடிக்கப்பட்ட வீடுகள், கடைகள், நிலக்கீழ் ரயிலுக்குத் தோண்டிய மண், எல்லாம் லொறி லொறியாக அங்கே போனது. இன்றைக்கும் கரையில் நடந்தால் அலை உருட்டி மழமழப்பாக்கிய செங்கல், குளியலறை ஓடு, கொங்கிறீற்றுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் துருக்கம்பி எல்லாம் காணலாம். உடைந்த வீட்டின் கல்லைக் கண்டால் எங்களுக்கு வேறு ஞாபகம் வரும். முதல்முறை போனபோது நான் பாதியில் திரும்பி வந்துவிட்டேன். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்லவில்லை, செயலாளர் பார்க்கிறார்.

அந்தக் கற்குவியலில் யாரும் மரம் நடவில்லை. காற்றில் பஞ்சாக வந்த விதையில் கொற்றன்வூட் மரங்கள் முளைத்தன. மரம் வந்ததும் பறவை வந்தது. எழுபதுகளில் இங்கே படகுத்துறை, உல்லாச விடுதி என்று பலவிதமான திட்டங்கள் போட்டார்கள். 1977இல் ஸ்பிற்றின் நண்பர்கள் என்று கொஞ்சப் பேர் கூடினார்கள். அவர்கள் கேட்டது பணமல்ல, கட்டடமல்ல, அப்படியே விட்டுவிடுங்கள் என்பதுதான். ஒரு சங்கம் கூடி, ஒன்றும் செய்யாதீர்கள் என்று வருடக்கணக்காகப் பாடுபட்டு வென்றதை வேறெங்கும் நான் கேள்விப்படவில்லை. இதுவரை அங்கே 300க்கு மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆற்றுவாயில் அள்ளிய அழுக்குச் சேற்றைக் கொட்டிய குட்டைகளைக்கூடக் களிமண்ணால் மூடி, மேலே சதுப்பாக மாற்றிவிட்டார்கள்.

அங்கே போனால் முதலில் மூக்குக்குத் தெரிவது நீர்க்காகம். 1990இல் விரல்விட்டு எண்ணக்கூடிய சோடிகள் வந்து கூடு வைத்தன. பிறகு பத்தாயிரம் கூட்டையும் தாண்டி, வட அமெரிக்காவிலேயே மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்றாகிவிட்டது. எச்சத்தால் மரங்கள் பட்டுப்போகின்றன, உண்மைதான். மீனையெல்லாம் தின்றுவிடுகிறது, பெருகிவிட்டது, நாற்றம், வந்து குடியேறிவிட்டது என்று சனம் சொல்கிறது. இந்தப் பேச்சு எங்கள் காதுக்குப் புதிதல்ல. டிடிரி மருந்தால் முட்டையோடு மெலிந்து, எழுபதுகளில் பேரேரிகளிலிருந்து கிட்டத்தட்ட அழிந்துபோன பறவை இது. மருந்து நின்றதும் மீண்டு வந்தது. 2020இல் ஒன்ராறியோ அரசு இதைச் சுட வேட்டைக்காலம் அறிவித்தது. ஸ்பிற்றிலோ வேறு வழியைப் பிடித்தார்கள். மரத்தில் அல்லாமல் நிலத்தில் கூடு வைக்கப் பழக்குகிறார்கள். நிலத்தில் வைத்தால் மரம் தப்பும், பறவையும் தப்பும். அது பெரும்பாலும் பலித்திருக்கிறது.

நீர்க்காகத்துக்குப் பக்கத்திலேயே இராக்கொக்கு கூடு வைத்திருக்கும், தமிழ்நாட்டார் வக்கா என்பார்கள். கறுப்புத் தொப்பி, சிவந்த கண், கூனல் முதுகு, யாரோடும் கோபித்துக்கொண்ட ஒரு பெரியப்பா மாதிரி. எங்கள் குளக்கரைகளில் மைம்மலில் "குவாக்" என்று கத்திக்கொண்டு போகுமே, அதே இனம்தான். முதன்முதலில் அந்தச் சத்தத்தை ரொறொன்ரோவில் கேட்டபோது நான் சைக்கிளை நிறுத்திவிட்டேன்.

ஸ்பிற்றுக்குள் கார் விடமாட்டார்கள், நாயும் கூடாது. லொறி ஓடுகிற வார நாட்களில் பகலில் பூட்டு. சனி ஞாயிறில் போவதுதான் சுகம். முழுவதும் நடந்து திரும்ப மூன்று மணித்தியாலம் வேண்டும். நல்ல சப்பாத்துப் போடுங்கோ. போகிற வழியில் டொன் ஆற்றின் புது வாயையும் பார்க்கலாம், அங்கே பீடாசிகே பூங்கா 2025 ஜூலையில் திறந்தது. சதுப்புச் செடிகள் இப்போதுதான் வேர்பிடிக்கின்றன. இளம் மாணவர்கள் வருடாவருடம் போய் எது புதிதாக வந்திருக்கிறது என்று எழுதிவைத்தால், என் வயதில் அது பெறுமதியான கொப்பியாக இருக்கும்.

மேற்கே ஹை பார்க்கில் செப்டெம்பர் நடுப்பகுதியில் வானத்தைப் பாருங்கள். பருந்துகளுக்குத் தண்ணீருக்கு மேலே பறக்க விருப்பமில்லை, ஏரிக்கு மேலே சூடான காற்று எழும்பாது. கரையைப் பிடித்து மேற்கே போகும், வழியில் இந்தப் பூங்காவுக்கு மேலாக. கழுத்து உளையும், அவ்வளவுதான் செலவு.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் கிடக்கிறவர்களுக்கு ஹம்பர் பே, அதற்கும் மேற்கே கேணல் சாமுவேல் சிமித் பார்க். இரண்டாவது இடம் 1979இல் மூடப்பட்ட மனநோய் மருத்துவமனையின் வளவை ஒட்டியது. அங்கே கோடையில் செங்கழுத்து முக்குளிப்பான் மிதக்கும் கூட்டில் குஞ்சை முதுகில் ஏற்றி வைத்திருக்கும். ஜனவரியில் போனால் நீள்வால் வாத்துகள். ஆர்க்டிக்கில் குஞ்சு பொரித்துவிட்டு மாரிக்கு இங்கே வருகின்றன. நாங்கள் மூக்கு நீர் உறைய நிற்கும் இந்த இடம் அவைக்குத் தெற்கே இருக்கிற சூடான ஊர். கூட்டமாகப் பாட்டுப் படித்துக்கொண்டு மிதக்கும்.

அங்கேயே இறக்கையில் இலக்கம் போட்ட மஞ்சள் பட்டியோடு வெள்ளை அன்னங்களையும் காணலாம். ட்ரம்பெற்றர் ஸ்வான். ஒன்ராறியோவில் காட்டில் இருந்த கடைசியை 1886இல் சுட்டு முடித்தார்கள். 1982இல் ஹரி லம்ஸ்டன் என்ற உயிரியலாளர் முட்டை தேடி எடுத்துப் பொரிக்க வைத்துத் தொடங்கினார். இன்று அவை தாமாகப் பெருகுகின்றன. ஒரு நூறு வருடம் இல்லாமல் இருந்த பறவை கரையில் நின்று என் சப்பாத்தைக் கொத்தியது.

இனி அந்தக் கடதாசிப் பைக்குத் திரும்புகிறேன். 2019இல் வந்த ஆய்வின்படி, 1970க்குப் பிறகு வட அமெரிக்காவில் ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன. நான்கில் ஒன்றுக்கு மேலே. காரணம் பல. ஒன்று கண்ணாடி. ரொறொன்ரோ 2007இல் கட்டடங்களுக்கு வழிகாட்டி எழுதியது, 2010இலிருந்து புதுக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. 2013இல் ஒரு வழக்கில், யன்னலில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் சட்டப்படி ஒரு மாசாகலாம் என்று நீதிபதி சொன்னார். உரிமையாளர் தன்னாலான முயற்சி எடுத்ததாகக் கண்டு விடுதலையானார், தீர்ப்பு நின்றது.

கோபுரங்களைத்தான் சொல்கிறேன் என்று நீங்கள் நிம்மதியாக இருக்கிறீர்கள். கனடாவில் கண்ணாடியில் மோதிச் சாகும் பறவைகள் வருடத்துக்கு ஏறத்தாழ 2 கோடி 50 லட்சம் என்று கணக்கு. அதில் பத்தில் ஒன்பது வீட்டு யன்னல்களில். மார்க்கத்திலும் ஏஜக்ஸிலும் பின்வளவைப் பார்த்துக் கதவளவு யன்னல் வைத்து வாங்கினோமே, அதில். "டும்" என்று ஒரு சத்தம் கேட்கும், பூனை என்று நினைப்போம். நானும் அப்படித்தான். கோபுரத்தடியில் குருவி பொறுக்கியவன், என் சொந்த வீட்டு யன்னலுக்கு ஒன்றும் செய்யாமல் பதினாறு வருடம் இருந்தேன். ஒருநாள் பேத்தி ஒரு மஞ்சள் வாப்ளரைக் கையில் கொண்டுவந்து, "அப்பப்பா, இது நித்திரையா?" என்றாள்.

பருந்துப் படம் ஒன்றை ஒட்டினால் போதும் என்பது பிழை. அதைச் சுற்றிக்கொண்டு போய் மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் சின்னப் புள்ளிகள், ஒன்றுக்கொன்று ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளியில், யன்னல் முழுக்க வேண்டும். ஒட்டும் புள்ளிகள் கடையில் விற்கிறார்கள். நானும் பேத்தியும் ஒரு பின்னேரத்தில் ஒட்டி முடித்தோம். மனுசி முதலில் கோலம் போட்டமாதிரி இருக்கு என்றா, இப்ப பழகிவிட்டா. மே மாதத்திலும் செப்டெம்பரிலும் இரவில் தேவையில்லாத விளக்கை நூருங்கோ. கரண்ட் காசும் மிச்சம்.

கல்லூரியில் இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கு: உங்களிடம் இருப்பது இதைவிடக் குறைந்ததல்ல. சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மன்னார் வங்காலை 2010இலிருந்து ராம்சார் பட்டியலில் இருக்கிறது. வடக்கேயிருந்து வருகிற வாத்துகளுக்கும் உள்ளான்களுக்கும் எங்கள் களப்புகள்தான், பூநாரையும் அங்கே நிற்கும். தவளையை வெட்டுங்கோ, புள்ளி வாங்குங்கோ, அதோடு யன்னலுக்கு வெளியே நிற்பதன் பெயரையும் கேளுங்கோ. பெயர் தெரிந்த ஆசிரியர் இல்லாவிட்டால் நீங்களே ஒரு கொப்பி தொடங்குங்கோ. இரண்டு பைனாக்குலர் நூலகத்துக்கு அனுப்பச் சங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அதிபர் அவற்றை அலுமாரியில் பூட்டமாட்டேன் என்று இந்த மேடையிலேயே சொன்னால் நன்றாயிருக்கும்.

நேரம் முடிந்தது என்று தம்பி கையைக் காட்டுகிறார். மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு லெஸ்லி வீதி முடிகிற வாசலில் நிற்பேன். அடுத்த நாள் அன்னையர் தினம், ஆகவே ஞாயிறு வைக்கவில்லை. மழை தூறினால் வராமல் விடாதீர்கள், தூறினால்தான் நல்லது. பைனாக்குலர் இல்லாதவருக்கு என்னிடம் மூன்று இருக்கிறது. றோல்ஸ் கொண்டுவருகிறவர்கள் தாராளமாகக் கொண்டுவாருங்கோ, கடற்காகங்களுக்கு மட்டும் போட வேண்டாம்.